ஃபியூஸில் சிம்லிங்க் கேஷ்: "வெளியீடு-10" எப்படி "வெளியீடு-1" ஆனது?

#1 மணல்வட்டு

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயத்தைக் கேட்க வந்திருக்கிறேன்.

கம்பைலர், லைப்ரரி, ஹெடர் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து அலுவலகக் கணினிகள் அனைத்துக்கும் காட்ட ஒரு சிறிய ஃபியூஸ் (லினக்ஸின் மையமான கர்னலுக்கு வெளியே, சாதாரணப் புரோகிராமாக ஓடும்) கோப்பு முறைமை எழுதி வைத்திருக்கிறேன். அதற்கான லைப்ரரியான லிப்ஃபியூஸின் லோ-லெவல் இடைமுகத்தில் எழுதியது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு டைரக்டரி: வெளியீடு-1, வெளியீடு-2 என்று போகும். அவற்றுக்குப் பக்கத்தில் "நடப்பு" என்று ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு பாதையின் பெயரை மட்டும் உள்ளே வைத்திருக்கும் கோப்பு. பில்ட் ஸ்கிரிப்ட் எல்லாமே அந்த "நடப்பு" வழியாகத்தான் போகின்றன.

டீபக் லாகைத் திறந்தால் ரீட்லிங்க், ரீட்லிங்க் என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஹெடரைத் திறக்கும்போதும் கர்னல் என் புரோகிராமிடம் வந்து "நடப்பு எங்கே போகிறது?" என்று கேட்கிறது. அதனால் ஃபியூஸில் இருக்கும் சிம்லிங்க் கேஷ் வசதியை இயக்கினேன். லாக் அமைதியானது, பில்டும் கண்ணுக்குத் தெரியும் அளவு வேகமானது. வெளியீடு மாறும்போது மட்டும் ஐநோடை (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) இன்வாலிடேட் செய்யும், அதாவது கேஷில் இருப்பது செல்லாது என்று சொல்லும், அறிவிப்பைக் கர்னலுக்கு அனுப்பிவிடுவேன்.

8-லிருந்து 9-க்கு மாறியபோது ஒரு தொந்தரவும் இல்லை. 9-லிருந்து 10-க்கு மாற்றிய அன்று, சில கணினிகளில் மட்டும் "நடப்பு" என்பது "வெளியீடு-1"-ஐக் காட்டியது. கடைசி எழுத்தைக் காணோம். வெளியீடு-1 டைரக்டரியை நான் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மிகப் பழைய ஹெடர்களை வைத்து பில்ட் நடந்து, வெற்றி என்று முடிந்தும் விட்டது. ஒரு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

என் ரீட்லிங்க் நிரல் சரியான நீளத்தைத்தான் அனுப்புகிறது, பல முறை பார்த்துவிட்டேன். கர்னல் சிம்லிங்கை எங்கே, எப்படிக் கேஷ் செய்கிறது? அந்தக் கடைசி எழுத்து எங்கே போனது?

#2 வேர்முனை

நல்ல கேள்வி. ஆனால் கடைசி எழுத்தைத் தேடுவதற்கு முன்னால், எது எங்கே கேஷ் ஆகிறது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "சிம்லிங்க் கேஷ்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, பெயரிலிருந்து ஐநோடு. "நடப்பு" என்ற பெயர் இந்த டைரக்டரியில் எந்த ஐநோடைக் குறிக்கிறது என்பது. இது டென்ட்ரி கேஷின் வேலை (டென்ட்ரி என்பது ஒரு பெயரை அதன் ஐநோடோடு இணைக்கும் பதிவு). சிம்லிங்க் என்பதற்காகத் தனி ஏற்பாடு எதுவும் இங்கே இல்லை, சாதாரணக் கோப்புக்கு நடப்பதேதான் நடக்கிறது.

இரண்டாவது, ஐநோடிலிருந்து உரை. அந்தச் சிம்லிங்கின் உள்ளே எழுதியிருக்கும் சரம், அதாவது "வெளியீடு-10" என்ற எழுத்துகள். லினக்ஸில் இது இரண்டு விதமாக நினைவகத்தில் இருக்கலாம். ஐநோடிலேயே ஐ_லிங்க் என்று ஒரு சுட்டி இருக்கிறது. கோப்பு முறைமை அதை நிரப்பி வைத்தால் கர்னல் யாரையும் கேட்காமல் நேரே படித்துக்கொள்ளும். நிரப்பவில்லை என்றால் கெட்_லிங்க் என்ற செயல்பாட்டை அழைக்கும். அது பெரும்பாலும் பேஜ் கேஷில் (கோப்பின் உள்ளடக்கத்தைப் பக்கம் பக்கமாக நினைவகத்தில் வைக்கும் இடம்) இருக்கும் பக்கத்திலிருந்து உரையை எடுத்துத் தரும். நீங்கள் இயக்கிய ஃபியூஸ் வசதி இந்த இரண்டாவது வகை. 2018-ல் வந்த லினக்ஸ் 4.20-லிருந்து இருக்கிறது.

மூன்றாவது, உரையிலிருந்து கடைசிக் கோப்பு. "நடப்பு" என்று கேட்டால் நேரே அந்த டைரக்டரியின் ஐநோடைத் தூக்கிக் கொடுப்பது. கர்னல் இதைக் கேஷ் செய்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் உரையை எடுத்து, துண்டு துண்டாக நடந்தே போகிறது.

உங்கள் சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. எந்தக் கர்னல் பதிப்பு என்று சொல்லுங்கள்.

#3 தளவேலை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூன்றாவதை ஏன் கேஷ் செய்வதில்லை? நான் வெப் சர்வர் பக்கம் வேலை பார்க்கிறேன். எங்கள் டிப்ளாய்மென்ட்டும் இதே மாதிரிதான்: புதிய டைரக்டரியில் கோடை வைத்துவிட்டு "கரன்ட்" என்ற சிம்லிங்கை அதற்கு மாற்றிவிடுவோம். மாற்றிய பிறகும் கொஞ்ச நேரம் பழைய கோடுதான் ஓடும். கர்னல் பழைய பாதையைக் கேஷில் வைத்திருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

#4 வேர்முனை

பிஎச்பி பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் நீங்கள் பார்ப்பது கர்னலின் கேஷ் இல்லை. பிஎச்பி தனக்குள் ரியல்பாத் கேஷ் என்று ஒன்று வைத்திருக்கிறது. சிம்லிங்க் எல்லாம் அவிழ்த்த கடைசிப் பாதையை அது நினைவில் வைத்துக்கொள்ளும். இயல்பான ஆயுள் 120 வினாடி. நான் சொன்ன மூன்றாவது வகைக் கேஷை ஒரு பயனர் நிலைப் புரோகிராம் தானே செய்துகொள்கிறது, அவ்வளவுதான். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் டாக்குமென்ட் ரூட்டுக்குப் பதிலாக ரியல்பாத் ரூட் மாறியைக் கொடுத்தால், சிம்லிங்க் முன்கூட்டியே அவிழ்க்கப்பட்டு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வேறு பாதை பிஎச்பிக்குப் போகும். அப்போது இந்தத் தாமதம் போய்விடும்.

கர்னல் ஏன் செய்வதில்லை என்றால், ஒரே சிம்லிங்க் உரைக்கு ஒரே பதில் என்று கிடையாது. உரை "/" என்று தொடங்கினால், கேட்கும் புராசஸின் ரூட் (மேல்முனை டைரக்டரி) எது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ரூட்டை மாற்றி அடைக்கும் சிரூட்டுக்குள் இருப்பவனுக்கும் கன்டெய்னருக்குள் இருப்பவனுக்கும் வெளியே இருப்பவனுக்கும் வேறு வேறு. நடுவில் இருக்கும் டைரக்டரியின் மேல் யாராவது எதையாவது மவுன்ட் செய்தால் மாறும். நடுவில் இருக்கும் டைரக்டரிக்குப் பெயர் மாற்றினால் மாறும். ஒவ்வொரு டைரக்டரியிலும் உள்ளே நுழையும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இருக்கும் உரிமை எனக்கு இருக்காது. இது எல்லாவற்றையும் சேர்த்துக் கேஷ் செய்தால், எங்கோ ஒரு டைரக்டரியின் பெயர் மாறியதற்காக அதன் வழியாகப் போகும் சிம்லிங்க் அத்தனையையும் தேடிப் பிடித்துச் செல்லாதது ஆக்க வேண்டும். நடந்து போவதே மலிவு. நடக்கும் ஒவ்வொரு அடியும் டென்ட்ரி கேஷில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. லினக்ஸ் 3.6-ல் (2012) ஒரு பாதுகாப்பு வந்தது: எல்லோரும் எழுதக்கூடிய, ஸ்டிக்கி பிட் (அடுத்தவர் கோப்பை அழிக்க விடாத குறி) போட்ட டைரக்டரியில், அதாவது டெம்ப் மாதிரி இடத்தில், இன்னொருவர் வைத்த சிம்லிங்கை நீங்கள் பின்தொடர முடியாதபடி தடுக்கலாம். இந்தச் சோதனை சிம்லிங்கைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். முடிவைக் கேஷ் செய்தால் இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடுவோம்.

#5 பக்கநிரல்

வேர்முனை சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டாவதை, உரையை, ஏன் தைரியமாகக் கேஷ் செய்ய முடிகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

யூனிக்ஸில் சிம்லிங்கைத் திருத்த ஒரு சிஸ்டம் கால் கிடையாது. உருவாக்கலாம், படிக்கலாம், அழிக்கலாம். உள்ளே இருக்கும் உரையை மாற்ற வழியே இல்லை. "சிம்லிங்கை மாற்றினேன்" என்று நாம் சொல்லும்போது நடப்பது, பழையதை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிய ஐநோடு ஒன்றை வைப்பது. அல்லது வேறு பெயரில் புதியதை உருவாக்கி ரீநேம் மூலம் பழையதன் மேல் போடுவது. நடுவில் இடைவெளி வராத முறை அதுதான். எப்படிச் செய்தாலும் ஐநோடு வேறு. ஆகவே ஒரு ஐநோடின் உரையை ஒரு முறை படித்துவிட்டால், அந்த ஐநோடு நினைவகத்தில் இருக்கும்வரை அது மாறாது. கேஷ் எழுதுகிறவர்களுக்குத் தலைவலியே "எப்போது தூக்கி எறிவது" என்பதுதானே? உள்ளூர் வட்டில் இருக்கும் சிம்லிங்கில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் 1983-ல் சிம்லிங்கைக் கொண்டுவந்தபோது உரை ஒரு டேட்டா பிளாக்கில்தான் இருந்தது. படிக்க வட்டுக்கு இன்னொரு பயணம் வேண்டியிருந்தது. பிற்பாடு வந்த பிஎஸ்டிகளில் சின்ன உரையை ஐநோடுக்குள்ளேயே திணித்தார்கள். லினக்ஸின் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்2 முதல் எக்ஸ்ட்4 வரை இதேதான்: ஐநோடில் 15 பிளாக் சுட்டிகள், ஒவ்வொன்றும் 4 பைட், ஆக 60 பைட். உரையின் முடிவைக் குறிக்கும் கடைசிச் சுழி பைட்டைக் கழித்தால் 59 எழுத்துவரை அங்கேயே இடம். ஐநோடு நினைவகத்துக்கு வந்தால் உரையும் கூடவே வந்துவிடும். ஐ_லிங்க் சுட்டி அந்த இடத்தையே காட்டும்.

#6 புதுவரவு

வேர்முனை அண்ணா, பக்கநிரல் அண்ணா, நான் கல்லூரியில் படிக்கிறேன். ஒரு சந்தேகம். பேஜ் கேஷில் இருந்தால் எப்படியும் வட்டுக்குப் போகப் போவதில்லையே. பிறகு ஐ_லிங்க் இருந்தால் என்ன, கெட்_லிங்க் அழைத்தால் என்ன? அதில் மிச்சமாவது ஒரு ஃபங்ஷன் கால்தானே?

#7 வேர்முனை

ஃபங்ஷன் காலில் பெரிதாக ஒன்றும் போகாது தம்பி. பூட்டும் எண்ணிக்கையும்தான் காரணம்.

2011-ல் லினக்ஸ் 2.6.38-ல் பாதையைப் பூட்டில்லாமல் கடக்கும் ஆர்சியூ நடை என்று ஒன்று வந்தது. அதற்கு முன்னால் பாதையில் ஒவ்வொரு டைரக்டரியைக் கடக்கும்போதும் அந்த டென்ட்ரியின் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று ஏற்றி, தாண்டிய பிறகு இறக்க வேண்டும். பல கோர் உள்ள கணினியில் எல்லாக் கோர்களும் ரூட் டைரக்டரியின் அதே ஒரு எண்ணை ஏற்றி இறக்கினால், அந்த எண் இருக்கும் கேஷ் வரி (புராசசரின் உள் நினைவகத் துண்டு) கோருக்குக் கோர் பந்தாடப்படும். ஆர்சியூ நடையில் எதையும் ஏற்றுவதில்லை, பூட்டுவதில்லை. பார்த்துக்கொண்டே போய், நடுவில் எதுவும் மாறவில்லை என்பதை வரிசை எண்ணை வைத்துச் சரிபார்ப்பார்கள். மாறியிருந்தால் பழைய மெதுவான நடைக்குத் திரும்புவார்கள்.

ஆனால் பாதையில் ஒரு சிம்லிங்க் வந்தால்? 2015 வரை, சிம்லிங்கைப் பார்த்த உடனே ஆர்சியூ நடை நின்றுவிடும். அங்கிருந்து எண்ணிக்கை ஏற்றும் நடைதான். லினக்ஸ் 4.2-ல் கர்னல் நிரலாளர் அல் வீரோ சிம்லிங்க் பகுதியை மாற்றி எழுதினார். அதற்கு முன்பு சிம்லிங்குக்குள் சிம்லிங்க் வந்தால் கர்னல் தன்னைத் தானே மறுபடி அழைத்துக்கொள்ளும். ஸ்டாக் நிரம்பிவிடும் என்ற பயத்தால் அடுக்கு 8-க்கு மேல் அனுமதி இல்லை. புதிய வடிவத்தில் அந்தத் தன்னழைப்பே இல்லை. மொத்தம் 40 சிம்லிங்க் என்ற எல்லை மட்டும் மிஞ்சியது. கூடவே, ஐ_லிங்க் நிரப்பிய சிம்லிங்கை ஆர்சியூ நடையிலேயே கடக்கவும் முடிந்தது. 4.5-ல் பேஜ் கேஷில் இருக்கும் உரைக்கும் அந்த வசதி வந்தது: பக்கம் தயாராக இருந்தால் கொடு, இல்லையென்றால் "இப்போது முடியாது, மெதுவான வழியில் வா" என்று திருப்பி அனுப்பு.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். இன்றைய டெபியனிலோ ஃபெடோராவிலோ ரூட்டுக்குக் கீழே இருக்கும் பின், லிப், லிப்64 எல்லாம் யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள் காட்டும் சிம்லிங்க்குகள். 64 பிட் இன்டெல் கணினியில் டைனமிக் லிங்க் செய்த எந்தப் புரோகிராமைத் துவக்கினாலும், அதன் லோடரைத் தேடி கர்னல் அந்த லிப்64 வழியாகத்தான் போகிறது. ஆக, நீங்கள் எல்எஸ் என்று தட்டினாலே ஒரு சிம்லிங்கைக் கடந்தாயிற்று. அதில் ஒவ்வொரு முறையும் மெதுவான நடைக்கு இறங்கினால் எவ்வளவு விரயம் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு நுணுக்கம்: சிம்லிங்கைக் கடப்பதும் படிப்பதுதான், அதனால் அதன் ஏடைமும் (கடைசியாகப் படித்த நேரம்) புதுப்பிக்கப்பட வேண்டும். அந்த நேரத்தை அரிதாகவே எழுதும் ரெல்ஏடைம் அமைப்பு இயல்பானதாக இருப்பதால் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எழுத வேண்டிவரும். அப்படி எழுத வேண்டிய அந்த ஒரு முறை மட்டும் ஆர்சியூ நடை நிற்கும்.

#8 பக்கநிரல்

எல்லாக் கோப்பு முறைமையும் இதற்குத் தலையாட்டவில்லை. இன்னொரு கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ்ஸின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் சின்ன உரை ஐநோடுக்குள்ளேயே இருக்கும். முன்பு அந்த உள் நினைவகத்தின் முகவரியையே விஎஃப்எஸ்ஸிடம் (எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான கர்னல் அடுக்கு) கொடுத்து வந்தார்கள். பிரதி எடுக்கும் வேலை இல்லை, வேகம். ஆனால் எக்ஸ்எஃப்எஸ் தன் ஐநோடுகளைத் தானே மீட்டுக்கொள்ளும் முறை வேறு. விஎஃப்எஸ் அந்த உரையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அடியில் எக்ஸ்எஃப்எஸ் அந்த நினைவகத்தை விடுவித்துவிடும் வாய்ப்பு இருந்தது. 2021 கடைசியில் அதைச் சரிசெய்து 5.17-ல் சேர்த்தார்கள். எப்படித் தெரியுமா? கேஷைச் செம்மைப்படுத்தவில்லை. உள்முகவரியை வெளியே கொடுப்பதையே நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக நினைவகம் ஒதுக்கி, பூட்டுப் போட்டு, உரையைப் பிரதியெடுத்துக் கொடுப்பது என்று முடிவானது. அந்த மாற்றத்துக்குப் பிறகு அங்கே சிம்லிங்க் வந்தால் ஆர்சியூ நடை நிற்கும்.

#9 வேர்முனை

அந்த முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐநோடு விடுவிப்பை ஆர்சியூ காத்திருப்புக்குப் பின்னால், அதாவது பூட்டில்லாமல் படிப்பவர்கள் எல்லோரும் முடித்த பிறகு என்று, தள்ளினால் போதும், ஐ_லிங்க் அங்கும் பாதுகாப்பாக இருந்திருக்கும். என்கிரிப்ட் செய்த சிம்லிங்குக்கு 2019-ல் அப்படித்தானே செய்தார்கள்? அதற்கு முன்பு ஒவ்வொரு முறை கடக்கும்போதும் உரையை மறுபடி டிகிரிப்ட் செய்துகொண்டிருந்தது. இப்போது முதல் முறை அவிழ்த்த உரையை ஐ_லிங்கில் வைத்துவிட்டு, ஐநோடு போகும்போது ஆர்சியூ காத்திருப்பு முடிந்த பிறகு விடுவிக்கிறார்கள்.

#10 பக்கநிரல்

செய்யலாம்தான். ஆனால் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு இன்னொரு தேவையும் இருந்தது: கோப்பு முறைமை இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதைப் பழுது பார்ப்பது. பூட்டு இல்லாமல் விஎஃப்எஸ் உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தால் பழுது பார்க்கும் நிரல் எதை நம்பி ஐநோடைத் திருத்தும்? வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எல்லையைக் காப்பாற்றினார்கள். நான் அந்தப் பக்கம்தான் நிற்பேன். சரி, இது தனி இழைக்கான விவாதம். மணல்வட்டின் எழுத்தைக் கண்டுபிடிப்போம்.

#11 மணல்வட்டு

எல்லோருக்கும் நன்றி. பிரச்சினை வந்த கணினிகளில் 6.1 வரிசைக் கர்னல், கொஞ்ச நாளாக அப்டேட் செய்யாதவை. ஒன்று புரிந்துவிட்டது: என் கோப்பு முறைமையில் "நடப்பு" எப்போதும் அதே ஐநோடு எண்தான். உரையை மட்டும் மாற்றுகிறேன். பக்கநிரல் சொன்ன "ஒரு ஐநோடின் உரை மாறாது" என்ற விதியை நான்தான் மீறுகிறேன், இல்லையா? ஆனால் அதற்குத்தானே இன்வாலிடேட் அறிவிப்பு அனுப்புகிறேன்?

#12 வேர்முனை

ஆமாம், இடம் அதுதான். ஆனால் தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. ஃபியூஸில் சிம்லிங்கின் உரை மாறலாம் என்பது அனுமதிக்கப்பட்ட நடத்தை. செர்ன் ஆய்வகத்தின் சிவிஎம்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இதையேதான் செய்கிறது. இயற்பியல் மென்பொருளை உலகம் முழுக்க உள்ள கணினிக் கூட்டங்களுக்கு எச்டிடிபி வழியாகக் கொண்டுபோவது அது. அங்கும் இதே அறிகுறி தெரிந்தது: சிம்லிங்க் மாறிய பிறகு, புதிய உரை பழைய நீளத்துக்கு வெட்டுப்பட்டு வந்தது. 2025-ல் கர்னலில் திருத்தம் போட்டார்கள்.

நடப்பது இது. உங்கள் எழுத்து எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு படியாகப் பாருங்கள்.

நீங்கள் உரையை மாற்றி இன்வாலிடேட் அறிவிப்பு அனுப்புகிறீர்கள். கர்னல் பழைய பக்கத்தைத் தூக்கி எறிகிறது. கூடவே அந்த ஐநோடின் பண்புப் பதிப்பு எண்ணை ஒன்று ஏற்றுகிறது. அதே நொடியில் வேறொரு புராசஸ் கேட்ட கெட்ஆட்டர் (அளவு போன்ற பண்புகளைக் கேட்கும் கோரிக்கை) ஒன்று பாதி வழியில் இருக்கிறது. அதற்கு உங்கள் பதில் வருகிறது, புதிய நீளத்தோடு. ஆனால் கர்னல் பார்க்கிறது: இந்தக் கேள்வி கிளம்பியபோது இருந்த பதிப்பு எண்ணை விட இப்போதைய எண் பெரியது, எனவே இந்தப் பதில் பழையதாக இருக்கலாம், நம்ப வேண்டாம். ஐநோடில் இருக்கும் அளவை அது புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறது. தன்னளவில் இது சரியான முடிவு. பண்புகள் இன்னும் செல்லாதவை என்றே குறிக்கப்பட்டிருக்கும், அடுத்த கெட்ஆட்டர் சரிசெய்துவிடும்.

அந்த அடுத்தது வருவதற்குள் யாரோ "நடப்பு" வழியாக நடக்கிறார்கள். பக்கம் காலி, எனவே ரீட்லிங்க் உங்களிடம் வருகிறது. "வெளியீடு-10" என்று சரியாகக் கொடுக்கிறீர்கள். பக்கத்தில் அது முழுதாக எழுதப்படுகிறது. இப்போது பேஜ் கேஷ் சிம்லிங்குக்கான பொது நிரல் வந்து, உரையை முடித்துவைக்க ஐநோடின் அளவு எந்த இடமோ அங்கே ஒரு சுழி பைட்டை எழுதுகிறது. ஐநோடின் அளவு இன்னும் "வெளியீடு-9"-க்கு உரியது. "வெளியீடு-10" அதை விட ஒரு பைட் நீளம். சுழி போய் விழுந்த இடம் கடைசி 0 இருந்த இடம்.

அந்தச் சுழி பக்கத்திலேயே எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் பிற்பாடு அளவு சரியானாலும் எழுத்து திரும்பி வராது. அந்தப் பக்கம் கேஷில் இருக்கும்வரை "வெளியீடு-1"தான்.

8-லிருந்து 9-க்கு மாறியபோது ஒன்றும் ஆகாததற்குக் காரணமும் இதுவே. நீளம் ஒன்றே, சுழி சரியான இடத்தில் விழுந்தது. அன்றைக்கும் கெட்ஆட்டருக்கும் அறிவிப்புக்கும் இடையே அந்த நேரப் போட்டி நடந்திருக்கலாம், கண்ணில் படவில்லை.

#13 புதுவரவு

படித்துவிட்டு இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்து காணாமல் போவதற்குள் இவ்வளவா! திருத்தத்தில் என்ன செய்தார்கள் அண்ணா?

#14 வேர்முனை

ஃபியூஸுக்கு மட்டும் அந்த வெட்டும் படியை எடுத்துவிட்டார்கள். ரீட்லிங்க் கொடுத்த உரை எங்கே முடிகிறதோ அதுவே முடிவு, ஐநோடின் அளவைப் பார்ப்பதில்லை. உரை மாறாத கோப்பு முறைமைகளுக்கு அந்த வெட்டு சரிதான், அதனால் அங்கே அப்படியே இருக்கிறது.

நீளத்தை ஓரிடத்திலும் உரையை இன்னோரிடத்திலும் வைத்தால் இரண்டும் பிரிந்து போகும் ஆபத்து எப்போதும் உண்டு. என்கிரிப்ட் செய்த சிம்லிங்கிலும் இது வேறு உருவத்தில் இருந்தது: எல்ஸ்டாட் (சிம்லிங்கின் விவரங்களைக் கேட்கும் சிஸ்டம் கால்) சொல்லும் அளவு என்கிரிப்ட் ஆன உரையின் நீளமாக இருந்தது, ரீட்லிங்க் கொடுப்பதோ அவிழ்த்த உரை. 2021-ல்தான் அது சரியானது. கர்னலே காட்டும் ப்ராக் டைரக்டரிக்குள் இருக்கும் சில சிம்லிங்க்குகள் அளவு 0 என்றே சொல்லும். அதனால் எல்ஸ்டாட் சொன்ன அளவுக்கு பஃபர் ஒதுக்கி ரீட்லிங்க் அழைக்கும் வழக்கத்தை யாராவது வைத்திருந்தால் விட்டுவிடுங்கள். பெரிய பஃபர் கொடுங்கள், திரும்பி வரும் எண்ணை நம்புங்கள்.

#15 பக்கநிரல்

நீளத்தைப் பற்றிப் பேசுவதால் ஒன்று. லினக்ஸ் 6.14-ல் நீளத்தையே கேஷ் செய்யும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஐ_லிங்க் உரையைக் காட்டும், ஆனால் எவ்வளவு நீளம் என்று சொல்லாது. ஒவ்வொரு ரீட்லிங்கிலும் முழுதாக எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. கர்னல் நிரலாளர் மத்தேயுஷ் குஸிக் அந்த நீளத்தை ஐநோடில் வைக்க வழி செய்தார். சிம்லிங்குக்குத் தேவைப்படாத ஒரு புலத்தோடு இடத்தைப் பகிர்ந்துகொள்வதால் ஐநோடு ஒரு பைட்கூடப் பெரிதாகவில்லை. எக்ஸ்ட்4-ல் ரீட்லிங்க் சுமார் 1.5% வேகமானது என்று அந்த மாற்றத்தின் குறிப்பிலேயே இருக்கிறது.

எனக்கு அந்த 1.5 சதவீதத்தைவிடப் பிறகு நடந்ததுதான் முக்கியம். வட்டில் சிதைந்த எக்ஸ்ட்4 படிமத்தில் அளவு ஒன்று, உரை வேறொன்று என்று இருக்கலாமே? அதனால் நீளத்தைப் பதியும் இடத்திலேயே உரையை ஒரு முறை எண்ணிச் சரிபார்க்கும் நிரலைச் சேர்த்தார்கள். பொருந்தவில்லை என்றால் எச்சரித்துவிட்டு, எண்ணிய நீளத்தையே எடுத்துக்கொள்ளும்படி அப்போது எழுதினார்கள். கேஷில் போடும்போது ஒரு முறை எண்ணினால் போதும், படிக்கும் ஆயிரம் முறை எண்ண வேண்டியதில்லை. நியாயமான பேரம்.

#16 தளவேலை

நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில் எப்படி? எங்களிடம் பகிர்ந்த வட்டு அதுதான்.

#17 வேர்முனை

உரை பேஜ் கேஷில் இருக்கும். கடப்பதற்கு முன்னால் பண்புகள் இன்னும் செல்லுமா என்று பார்ப்பார்கள். காலம் கடந்திருந்தால் சர்வரிடம் கேட்டு, மாறியிருந்தால் மறுபடி படிப்பார்கள். இயல்பான அமைப்பில் டைரக்டரி அல்லாதவற்றுக்கு அந்தக் காலம் 3 வினாடியிலிருந்து 60 வினாடிவரை, டைரக்டரிக்கு 30-லிருந்து 60. ரீநேம் மூலம் சிம்லிங்கை மாற்றினால், இன்னொரு கணினியில் தாமதம் பெரும்பாலும் பெயர் பக்கத்திலிருந்து, அதாவது டைரக்டரியின் கேஷிலிருந்து வரும். உரை பக்கத்திலிருந்து இல்லை.

#18 மணல்வட்டு

நேற்றும் இன்றும் சோதித்தேன். கெட்ஆட்டருக்கு வேண்டுமென்றே தாமதமாகப் பதில் சொல்லும்படி ஒரு சோதனை நிரல் எழுதி, அந்த இடைவெளியில் உரையை மாற்றினேன். 6.1-ல் சில முயற்சிகளிலேயே வெட்டுப்பட்டது. திருத்தம் உள்ள கர்னலில் இன்று காலை முழுக்க ஓடவிட்டும் ஒரு முறைகூட வரவில்லை.

ஆனால் எல்லாக் கணினிகளின் கர்னலையும் உடனே மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் பக்கநிரல் சொன்ன விதிக்கே திரும்பிவிடலாம் என்று யோசிக்கிறேன்: உரையை மாற்றாமல், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் "நடப்பு" என்ற பெயருக்குப் புதிய ஐநோடு எண் கொடுப்பது. இது சரியா?

#19 பக்கநிரல்

மிகச் சரி. புதிய எண் என்றால் கர்னலுக்கு அது புதிய ஐநோடு. அதன் அளவும் பக்கமும் காலியாகத் தொடங்கும், பழைய அளவு ஒட்டிக்கொண்டிருக்க இடமே இல்லை. லோ-லெவல் இடைமுகத்தில் எழுதியிருப்பதால் எண் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஹை-லெவலில் பாதையை வைத்து லைப்ரரியே எண் கொடுத்துவிடும், அங்கே இவ்வளவு எளிதாக முடியாது.

இனி ஐநோடை இன்வாலிடேட் செய்யும் அறிவிப்புக்குப் பதிலாக, டைரக்டரியில் அந்தப் பெயரை இன்வாலிடேட் செய்யும் அறிவிப்பை அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை: அதே டைரக்டரி சம்பந்தமான ஒரு கோரிக்கைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் த்ரெட்டிலிருந்து அதை அனுப்பாதீர்கள், ஒன்றுக்கொன்று காத்து நின்று டெட்லாக் ஆகலாம். தனி த்ரெட் வையுங்கள். அறிவிப்பு அனுப்பாமலே விட்டாலும், என்ட்ரி டைம்அவுட்டை (பெயருக்கான பதிலைக் கர்னல் நம்பும் கால அளவு) லிப்ஃபியூஸ் ஹை-லெவலில் இயல்பாக இருப்பது போல 1 வினாடி என்று வைத்திருந்தால், அதற்குப் பிறகு கர்னல் பெயரைத் தானே மறுபடி கேட்கும். எண் மாறியிருப்பதைப் பார்த்துப் பழைய டென்ட்ரியைக் கழற்றிவிடும்.

#20 வேர்முனை

இதோடு இன்னொன்று செய்து பாருங்கள். ஓபன்அட்2 சிஸ்டம் காலில் லினக்ஸ் 5.12-லிருந்து ஒரு கொடி இருக்கிறது: பாதை முழுவதும் கேஷிலேயே கிடைத்தால் மட்டும் திற, இல்லையென்றால் "பிறகு வா" என்று உடனே திரும்பு. "நடப்பு" வழியாக ஒரு ஹெடரை இரண்டு முறை சாதாரணமாகத் திறந்துவிட்டு, மூன்றாவது முறை இந்தக் கொடியோடு பெயரை மட்டும் தேடிப் பாருங்கள். வெற்றி என்றால் உங்கள் சிம்லிங்க் ஆர்சியூ நடையிலேயே கடக்கப்படுகிறது. அதே சோதனையை சிம்லிங்க் கேஷை அணைத்துவிட்டும் ஓட்டுங்கள். வித்தியாசம் நேரடியாகத் தெரியும்.

#21 மணல்வட்டு

செய்துவிட்டேன். கேஷ் அணைத்தால் ஒவ்வொரு முறையும் "பிறகு வா". இயக்கினால் டைம்அவுட்டுக்குள் வெற்றி. புதிய ஐநோடு எண் முறையில் வெளியீடு-9, 10, 9, 10 என்று மாற்றி மாற்றி ஓடவிட்டிருக்கிறேன், பழைய 6.1 கணினியிலும் சேர்த்து. இதுவரை ஒரு எழுத்தும் தொலையவில்லை. வெளியீடு-1 டைரக்டரியையும் இன்று அழித்துவிட்டேன். இனி எப்போதாவது வெட்டுப்பட்டால் பில்ட் உடனே நிற்கும்.

புதுவரவு தம்பி, அந்தச் சோதனை நிரல் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சுத்தப்படுத்தி இங்கேயே போடுகிறேன்.

#22 புதுவரவு

கண்டிப்பாக வேண்டும் அண்ணா. விர்ச்சுவல் மெஷினில் 6.1 கர்னலை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.